குன்றைக் குலைக்காத கட்டிடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் பங்குனி மாதத்து இரவு எப்படி இருக்கும் என்பதை அங்கே பாய் விரித்துப் படுத்தவர்களே அறிவார்கள். காயலிலிருந்து காற்று புறப்படத்தான் செய்கிறது. ஆனால் கரையோரக் கிடங்குகளில் முட்டி மோதி எங்கள் சந்துக்குள் நுழைவதற்குள் அது களைத்துப் போய்விடுகிறது. மிளகும் சுக்கும் மணக்கும் அந்தச் சந்தில், ஓட்டு வீடு ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை சுமக்க வந்தவர். அவர் சுமந்த மூட்டைகளின் பயனாக நான் இன்று பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன்.

சென்ற ஆண்டு அண்ணனுக்குத் திருமணம் உறுதியாயிற்று. மாடியில் ஓர் அறை வேண்டும் என்றார்கள். அதற்கு ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட வேண்டும். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏட்டி, நீதான் சூடு, வெளிச்சம்னு என்னமோ படிக்கியே. தளம் போட்ட வீட்டுல ராத்திரி வெக்கை தாங்கலைன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அது ஏன்? அதுக்கு என்ன வழி?"

முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன். ஓடு மெல்லியது. அந்தி சாய்ந்தவுடன் விரைவில் குளிர்ந்துவிடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகளின் வழியே சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். கான்கிரீட் தளமோ கனமானது. பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த வெப்பம் தளத்தைக் கடந்து கீழே வருவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே நாம் உறங்கப் போகும் வேளையில்தான் அது நம் தலைக்கு மேல் வெப்பத்தை உமிழத் தொடங்கும். இது பாடநூலில் உள்ளது.

"அதுக்கு என்ன வழி?" என்பது பாடநூலில் இல்லை. அந்த விடையை நான் தற்செயலாகத் திருவனந்தபுரத்தில், மரங்கள் அடர்ந்த குன்றுச் சரிவு ஒன்றில் கண்டேன். அதைப் பற்றியே நம் மன்றத்து நண்பர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

உள்ளூர்க் குன்று

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்று ஒரு பகுதி உண்டு. நம் தமிழில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருந்தாலும் அங்கே அது ஊரின் பெயர். அங்கே ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் வளர்ச்சி ஆய்வு மையம் அமைந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முன்னின்று நிறுவிய ஆராய்ச்சி நிலையம் அது. அச்சுத மேனன் கேரள முதலமைச்சராக இருந்த காலத்தில், 1970களின் தொடக்கத்தில் அது உருவாயிற்று. அலுவலகம், ஆய்வாளர் அறைகள், வகுப்பறைகள், நூலகம், விடுதி எல்லாம் அக்குன்றின் மேல் உள்ளன.

கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். 1945இல் தொழுநோயாளர்க்கான மருத்துவ இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். இமயமலைச் சாரலில் பித்தோராகட் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் கேரளத்துக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1990இல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்று, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார். ஐந்து மைல் வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்தை அவர் தம் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

ஒரு நாள் பிற்பகல் நான் அங்கே சென்றேன். கட்டிடத்தைத் தேடினேன். முதலில் மரங்கள்தாம் தெரிந்தன. பிறகு மரங்களுக்கிடையே செந்நிறச் செங்கற் சுவர் ஒன்று வளைந்து செல்வது தெரிந்தது. அது ஏன் வளைந்தது என்று பார்த்தால், அங்கே ஒரு மரம் நின்றது. நம் ஊர்களில் சுவருக்கு மரம் வழிவிடும். அங்கே மரத்துக்குச் சுவர் வழிவிட்டிருக்கிறது.

மலையை ஏன் வெட்டக் கூடாது?

சரிவான நிலத்தில் கட்டிடம் எழுப்ப விரும்புகிறவர்கள் வழக்கமாக முதலில் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவருவார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிலத்தைச் சமமாக்குவார்கள். காகிதத்தில் கோடு போடுகிறவருக்கு இது எளிது. மண்ணுக்கு எளிதன்று.

சரிவு என்பது பல காலமாக மண்ணும் வேரும் நீரும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அடிவாரத்து மண் மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. அடியில் வெட்டினால் மேலே உள்ளது தாங்குவாரற்று நிற்கும். பள்ளத்தில் கொட்டிய புது மண்ணோ இறுகியிராது, நாளடைவில் அமுங்கும். ஒரு கட்டிடத்தின் ஒரு பாதி வெட்டிய நிலத்திலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், ஒரு பக்கம் அமுங்கிச் சுவர் வெடிக்கும்.

இதனோடு மழையையும் சேர்த்துப் பாருங்கள். கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரையின் மேல் ஆண்டுக்கு 3 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது என்று பொருள். இலை முதலில் அந்த நீரின் வேகத்தைக் குறைக்கிறது. சருகு அதைத் தேக்குகிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தை அகற்றிச் சரிவை வெட்டினால் நீர் ஒரேயடியாக ஓடும். அல்லது மண்ணுக்குள் புகுந்து அதன் எடையையும் உள்ளழுத்தத்தையும் கூட்டும். மண் வழுக்கும்.

மலை சரிவது என்றால் என்ன என்பதைக் கேரளத்தில் வாழும் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் மக்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. இவற்றுக்கெல்லாம் பெருமழையே முதற்காரணம். அங்கே இருந்த கட்டிடங்கள்தாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவு நாம் விளையாடத் தக்க பொருளன்று என்பதை மட்டுமே சொல்கிறேன்.

பேக்கர் குன்றை வெட்டிச் சமமாக்கவில்லை. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக் குன்றின் மேல் ஒரு கோடு வரைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைப் பின்பற்றிக் கட்டிடத்தை நீட்டினால் மண்ணைக் கிளற வேண்டிய வேலை மிகக் குறையும். ஒரே பெரிய மாளிகைக்குப் பதிலாகச் சிறு சிறு கட்டிடங்களை மேலும் கீழுமாக வைத்து, படிகளாலும் நடைவழிகளாலும் இணைத்திருக்கிறார். நீர் இடையே ஓடுகிறது. காற்றும் இடையே ஓடுகிறது. பகலில் வெயில்பட்ட சரிவை ஒட்டிக் காற்று மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும். குறுக்கே பெருஞ்சுவர் எழுப்பாதவர்க்கு இந்தக் காற்று இலவசம்.

வெயிலின் கணக்கு

திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ எட்டரை பாகை வடக்கே உள்ளது; கொச்சி பத்துப் பாகை. ஆகவே ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகலில் கதிரவன் நேரே நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறான். இதனால் கட்டிடத்தில் மிகுதியாக வெயில் வாங்குவது கூரை. அடுத்தபடி கிழக்கு, மேற்குச் சுவர்கள். காலையும் மாலையும் கதிர் சாய்வாக வந்து அவற்றைத் தாக்குகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களைக் கூரையின் இறவாரத்தைச் சற்று நீட்டியே காத்துவிடலாம்.

சாய்ந்த கதிரை இறவாரம் தடுக்காது. மரம் தடுக்கும். மரம் வெறும் குடையன்று; அது குளிரூட்டும் பொறியும் ஆகும். வேர் உறிஞ்சும் நீரை இலை ஆவியாக வெளியிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை மரம் சுற்றுப்புறத்திலிருந்தும் தன்மேல் விழும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு ஒரு லிட்டர் செலவாகும்போது, மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவு வெப்பம் மறைகிறது. இதற்கு எந்த வாரியமும் கட்டணம் கேட்பதில்லை.

ஆனால் கேரளத்தில் வெப்பத்தைவிடப் புழுக்கமே பெரும்பகை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நம் உடலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஆகவே இங்கே கட்டிடத்துக்கு முதல் தேவை, மேனியின் மேல் படும் காற்றோட்டம்.

இதற்குப் பேக்கர் கையாண்ட வழி செங்கற் சல்லடைச் சுவர். ஜாலி என்பார்கள். செங்கல்லை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விட்டு அடுக்குவது. மரச்சட்டம், கதவு, கண்ணாடி, கம்பி என்று பல செலவுகளைக் கேட்பது சன்னல். சல்லடைச் சுவருக்கு வேண்டியது செங்கல்லும் சாந்தும் கொத்தனாரின் கையுமே. காற்று நூறு துளைகளின் வழியே வருகிறது. வெளிச்சமும் கண்ணைக் கூசாமல் சிதறி வருகிறது. அங்கே ஒரு நடைவழியில் நின்றேன். பிற்பகல் வெயில் தரையில் சிறு சிறு கட்டங்களாகக் கோலமிட்டிருந்தது. வெளியே வியர்த்திருந்த என் கழுத்து, உள்ளே நின்ற சில நிமிடங்களில் உலர்ந்தது. புழுக்கத்தின் பாடம் அத்துடன் எனக்கு முடிந்தது.

குன்றின் உச்சியில் நூலகக் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. உயரமான கட்டிடத்தில் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அடுப்பின் புகைபோக்கி செய்யும் வேலையும் இதுவே.

எலிப்பொறியும் பழைய ஓடும்

இனிச் சுவரையும் கூரையையும் பார்ப்போம். செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவது வழக்கம். பேக்கர் அதை விளிம்பில் நிறுத்தி வைத்துக் கட்டினார். சுவரின் இரு முகங்களிலும் கற்கள் நிற்கும். நடுவே வெற்றிடம் இருக்கும். குறுக்கே வைத்த கற்கள் இரு முகங்களையும் பிணைக்கும். மேலிருந்து பார்த்தால் எலிப்பொறி போலத் தோன்றுவதால் இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. ஆகவே வெளிச்சூடு உள்ளே வரத் தயங்கும்.

வளைந்த சுவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 சதுர மீட்டர் பரப்புள்ள சதுர அறைக்கு 40 மீட்டர் நீளச் சுவர் வேண்டும். அதே பரப்புள்ள வட்ட அறைக்கு முப்பத்தைந்தரை மீட்டர் போதும். வளைவு அழகுக்கு மட்டும் என்று எண்ணியிருந்த எனக்கு இது வியப்பாக இருந்தது.

கூரையைப் பற்றி அறிந்தபோதுதான் அம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. இரு முனைகளில் தாங்கிய ஒரு தளத்தின் மேல் பாரம் ஏற்றினால் அது நடுவில் சற்றே வளையும். அப்போது தளத்தின் மேற்பகுதி நெருக்கப்படும், கீழ்ப்பகுதி இழுக்கப்படும். கான்கிரீட் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்குவதற்காகவே கீழே இரும்புக் கம்பி வைக்கிறோம். அப்படியானால் கம்பிகளுக்கிடையே கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் என்ன செய்கிறது? பெரும்பாலும் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பவருக்கு ஏன் சிமெண்டுச் செலவு? அந்த இடத்தில் கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து, மேலே கான்கிரீட் ஊற்றிவிடலாம். தளத்தின் எடை குறையும், சிமெண்டு குறையும். ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் இடையே காற்று அடைபட்டு வெப்பமும் குறையும். இதை நிரப்புத்தளம் என்று சொல்லலாம்.

கண்ணாடி மாளிகை

"இதெல்லாம் பழங்காலத்து வழிகள், இன்றைய அலுவலகத்துக்குக் கணிப்பொறி வேண்டும், குளிர்சாதனம் வேண்டும்" என்று நண்பர்கள் சொல்லக் கூடும். உண்மைதான். அந்த நிலையத்திலேயே கணிப்பொறிக்கென்று ஒரு கட்டிடம் உண்டு. அதற்கு இரட்டைச் சுவர். வெளியே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வட்டங்களாகச் சல்லடைச் சுவர் வெயிலைத் தாங்குகிறது; உள்ளே மற்றொரு சுவர் அறையின் வெப்பநிலையைக் காக்கிறது. பேக்கர் பொறிக்குப் பகைவரல்லர். இயற்கை செய்யும் வேலையைச் செய்ய விட்டுவிட்டு, எஞ்சியதை மட்டும் பொறியிடம் கேட்டார்.

கொச்சிக்குக் கிழக்கே காக்கநாட்டுப் பக்கம் சென்றால் இதற்கு நேர்மாறான காட்சியைக் காணலாம். கண்ணாடி போர்த்த அலுவலகங்கள் எழுந்து நிற்கின்றன. வெயிலின் ஒளியைக் கண்ணாடி உள்ளே விடும். அது பொருள்களின் மேல் பட்டு வெப்பமாக மாறியபின் அந்த வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. குளிர்நாட்டில் இது வரம். நம் நாட்டில், வெயிலை உள்ளே அழைத்துவிட்டு, அதை வெளியேற்ற இரவும் பகலும் மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்துச் செம்மண் குன்றுகளை வெட்டி, லாரிகளில் ஏற்றி, தாழ்ந்த வயல்களை நிரப்புவது நெடுநாளாக நடந்துவந்த வழக்கம். வயல்களையும் ஈரநிலங்களையும் காக்க 2008இல் கேரளம் சட்டமே இயற்றவேண்டி வந்தது. குன்றை வெட்டினால் குன்றும் போகிறது. நிரப்பிய வயலும் போகிறது. மழைநீர் தங்கும் இடமும் போகிறது. அந்த நீர் தாழ்வான பகுதிகளில் வாழ்பவர்களின் வாசலுக்கு வருகிறது. மலைமேல் ஒருவர் செய்யும் பிழைக்குக் காயலோரத்தில் மற்றொருவர் முழங்கால் நீரில் நிற்கிறார்.

குறைகளையும் சொல்லவேண்டும் அல்லவா? சல்லடைச் சுவரில் சாரல் அடிக்கும், கொசுவும் வரும், இறவாரமும் வலையும் வேண்டும். எலிப்பொறிக் கட்டும் நிரப்புத்தளமும் பழகிய கைகளைக் கேட்கும். நிரப்புத்தளத்துக்குக் கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் அறிந்த ஒருவர் கணக்கிட்டுத் தரவேண்டும். அரைகுறையாகச் செய்தால் ஆபத்து. செலவு குறையும், சிந்தனை கூடும். பலருக்குச் செலவு செய்வது சிந்திப்பதைவிட எளிதாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூரை

ஊருக்குத் திரும்பியதும் அண்ணனிடம் படம் வரைந்து காட்டினேன். அவன் மேஸ்திரியை அழைத்து வந்தான். நாகர்கோவில்காரர், தலை நரைத்தவர். படத்தை நெடுநேரம் பார்த்தார். "இத்தனை வருசமா ஓட்டைப் பிரிச்சுக் கீழ எறிஞ்சிருக்கேன். கான்கிரீட்டுக்குள்ள வைன்னு இப்பத்தான் ஒருத்தி சொல்லுதா" என்றார்.

"அண்ணாச்சி, கணக்குப் போட்டு ஒரு இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டா வைப்பீங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

"கையெழுத்து இருந்தா வைக்கேன். விழுந்தா என் பேரைச் சொல்லப்படாது."

அறிந்த பொறியாளர் ஒருவரிடம் கணக்கு வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் எனக்கு உறக்கம் இல்லை. கடன் அண்ணனுடையது, மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, தளம் பிழைபட்டால் அதன் கீழ் படுக்கப் போகிறவள் என் தாய். தேர்வுத்தாளில் பிழை செய்தால் மதிப்பெண்தான் போகும். இங்கே அப்படியன்று. படிப்புக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டின் பழைய ஓடுகளை அம்மாவே தேய்த்துக் கழுவினாள். மேஸ்திரி அவற்றைக் கம்பிகளுக்கிடையே இரண்டிரண்டாகக் கவிழ்த்து அடுக்கினார். கான்கிரீட் ஊற்றியாயிற்று. நாள் கணக்கு முடிந்து பலகையைக் கழற்றியபோது நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். மேஸ்திரி மட்டும் உள்ளே நின்றார். எதுவும் விழவில்லை. அண்ணாந்து பார்த்தால் சிவந்த ஓடுகள் வரிசையாகத் தெரிந்தன. முன்பு தலைக்கு மேல் சாய்ந்து நின்ற அதே ஓடுகள்.

வெக்கை முழுவதும் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்கு மரமில்லை. நடுவதற்குச் சந்தில் இடமுமில்லை. மாடி அறை கட்டப் பணம் இன்னும் சேரவில்லை. அது எழும்பினால் தளத்துக்கு நிழல் கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டுத் தளத்தின் கீழ் உறங்கிவிட்டு வந்த அத்தை, "இங்க பரவாயில்லை" என்றாள். எங்கள் சந்தில் "பரவாயில்லை" என்பது பெரிய பாராட்டு. மேஸ்திரி இப்போது வேறோரிடத்தில் பழைய ஓடு விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை பொறியாளராவோம். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து கட்டிடங்களுக்கு ஒப்புதல் தருவோம். அன்று ஒரு குன்று நம் முன் வரைபடமாக விரிக்கப்படும். அதில் மரங்கள் சிறு வட்டங்களாகத்தான் தெரியும். அவற்றை அழிக்க ஒரு ரப்பர் போதும். அப்போது உள்ளூர்க் குன்றில் மரத்துக்கு வழிவிட்டு வளைந்த அந்தச் சுவரை நினைத்துக்கொள்வோம். நேர்கோடு வரைவது எளிது. நின்று, பார்த்து, வளைந்து கொடுப்பதற்கே படிப்பு வேண்டும்.